இடம் போதாத ஆட்டம்

கோல்ப் ஆட்டத்துக்கு நிலம் தாராளமாக வேண்டும் என்பார்கள். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானம் அப்படிச் சொல்லவில்லை. கடலோரத்து ஒடுங்கிய மணல்வெளி அது. 1764-ல் 22 குழிகளை 18 ஆகக் குறைத்தார்கள். அந்த 18 குழிகளுக்கும் 11 புல்தரைகள்தாம். போகிறவனும் திரும்புகிறவனும் ஒரே தரையைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள்; ஜோடிக் குழிகளின் எண்களைக் கூட்டினால் எப்போதும் 18! பக்கக் கட்டுப்பாட்டுக்குள் கதை எழுதுகிற எனக்கு இந்தச் சிக்கனம் பிடித்திருக்கிறது.

சேர்வராயன் மலையடிவாரத்தில், கொண்டப்பநாயக்கன்பட்டியில் நின்றுகொண்டு இதை யோசித்தேன். இங்கே முதல் பஞ்சம் தண்ணீர்தான். வறண்ட ஊர்களில் புல்தரைக்குப் பதிலாக எண்ணெய் கலந்த மணலைப் பரப்பி ஆடியிருக்கிறார்கள். அதை மட்டமான ஆட்டம் என்று சிலர் முகம் சுளிக்கலாம். எனக்கு அது நிலத்தைப் புரிந்துகொண்டவன் செய்த வேலையாகப் படுகிறது. குடியானவன் கிணற்றை வற்றடித்துப் பச்சை காட்டுகிற மைதானத்தை, எத்தனை அழகாயிருந்தாலும், என்னால் ரசிக்க முடியாது.