பணத்தின் மொழியும் குடிமகனின் கேள்வியும்

தொலைக்காட்சியில் பொருளாதாரச் செய்தி பெரும்பாலும் பங்குச் சந்தைச் செய்தியாகவே சுருங்கி நிற்கிறது. திரையின் அடியில் ஓடும் எண்கள் முதலீட்டாளரை நோக்கியவை. கூலி பெறுபவரும் கடன்பட்டவரும் அங்கே பொருட்படுத்தப்படுவதில்லை. இவ்வெல்லையைக் கடக்க முயன்றவர் அலி வெல்ஷி. 2024இல் வெளிவந்த அவருடைய ‘ஸ்மால் ஆக்ட்ஸ் ஆஃப் கரேஜ்’ என்னும் நூல், அவரது பணி வாழ்வை மதிப்பிட நல்ல வாய்ப்பாகிறது.

நூலின் பெரும்பகுதி குடும்ப வரலாறு. குஜராத்திலிருந்து தென்னாப்பிரிக்காவுக்கும், அங்கிருந்து கென்யாவுக்கும், பின்னர் கனடாவுக்கும் பெயர்ந்த இஸ்மாயிலி முஸ்லிம் குடும்பம் அவருடையது. பாட்டனார் ரஜப் அலி, சிறு வயதில் டால்ஸ்டாய் பண்ணையில் பயின்றவர். 1910இல் ஜோஹன்னஸ்பர்க் அருகே காலன்பாக் அளித்த சுமார் 1,100 ஏக்கர் நிலத்தில் காந்தியடிகள் அமைத்த பண்ணை அது. தமிழர் குழந்தைகளுக்குத் தமிழையும் முஸ்லிம் குழந்தைகளுக்கு உருதையும் அவரே கற்பிக்க முற்பட்டார். ரமளானில் முஸ்லிம் சிறுவர் நோன்பு நோற்றபோது பிற சமயச் சிறுவரும் உடன் நோற்றனர். தந்தை முராத் வெல்ஷி 1987இல் ஒன்டாரியோ மாகாணச் சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். உரிமை மறுக்கப்பட்ட குடும்பமொன்று குடியுரிமையின் பொருளைக் கற்றுக்கொண்ட வரலாறு இது.

இவ்வரலாற்றை அளவுகோலாகக் கொண்டால், வெல்ஷியின் இதழியலில் ஒரு திருப்பம் தெளிவாகும். 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் வங்கி வீழ்ந்த நாட்களில், சிஎன்என் தொலைக்காட்சியில் சிக்கலான நிதிச் சொற்களை எளிய மக்களுக்கு விளங்க வைத்தவர்களுள் அவர் முதன்மையானவர். ஆயினும் 2009இல் அவர் எழுதிய ‘கிம்மி மை மனி பேக்’, சேமிப்பை மீட்பதற்கான வழிகாட்டியே. எரியும் வீட்டிலிருந்து உடைமைகளை எடுத்துச் செல்லக் கற்பிப்பது பயனுள்ளதுதான். தீ வைத்தவர் யார் என்னும் கேள்வி அதனால் தீர்ந்துவிடாது.

2013இல் அல்ஜஸீரா அமெரிக்காவில் தொடங்கிய ‘ரியல் மனி’ நிகழ்ச்சி, குடும்ப வருவாயையும் வேலையையும் நடுவில் வைத்துப் பேசியது. அவருடைய பொருளாதார இதழியலின் சிறந்த பகுதி அதுவே என்பது நம் கருத்து. ஆனால் அந்நிலையம் கத்தர் அரசின் நிதியை நம்பியிருந்தது. 2014இன் நடுவில் பீப்பாய்க்கு 100 டாலருக்கு மேலிருந்த எண்ணெய் விலை, 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே சரிந்தது. அதே மாதத்தில் நிலையத்தை மூடும் அறிவிப்பும் வந்தது. ஏப்ரலில் ஒளிபரப்பு நின்றது. அமெரிக்க ஊடகச் சந்தையின் நெருக்கடியே காரணமெனக் கூறப்பட்டது. அக்காரணம் மெய்யே, எனினும் நட்டத்தைத் தாங்கிவந்த கருவூலமும் அப்போது மெலிந்திருந்தது என்பதை மறப்பதற்கில்லை.

இங்கேதான் அடிப்படையான வினா எழுகிறது. பிறர் பணத்தின் கணக்கைக் கேட்கும் இதழாளர், தம்மைத் தாங்கும் பணத்தின் கணக்கையும் கேட்க இயலுமா? விளம்பரதாரர் தாங்கும் நிலையத்திற்கும் அரசு தாங்கும் நிலையத்திற்கும் இவ்வினா ஒன்றே. 2016 முதல் எம்எஸ்என்பிசி தொலைக்காட்சியில் மக்களாட்சியையும் வாக்குரிமையையும் அவர் துணிவுடன் பேசிவந்தார். 2020 மே மாதம் மினியாபொலிஸ் வீதியில் செய்தி சேகரிக்கையில் ரப்பர் குண்டடியும் பட்டார். அத்துணிவு போற்றுதற்குரியது. காவல்துறையின் குண்டுக்கு அஞ்சாத அத்துணிவு, ஊடக உடைமை குறித்த ஆய்விலும் இறங்கியிருக்குமாயின் நூலின் பயன் இரட்டித்திருக்கும்.

ஊடகத் துறையை நாடும் நம் இளைஞர்கள் இந்நூலைப் படிக்க வேண்டும்; கூடவே இவ்வினாவையும் மனத்தில் இருத்த வேண்டும்.