சுஜாதாவின் அறிவியல் எழுத்து: ஒரு மதிப்பீடு

தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்து இயற்பியல் பட்ட வகுப்பில் சேரும் மாணவர்களிடம், பாடநூலுக்கு வெளியே தமிழில் என்ன அறிவியல் நூல் படித்திருக்கிறீர்கள் என்று கேட்பது என் வழக்கம். பெரும்பாலோர் மௌனமாக இருப்பர். வாய் திறக்கும் சிலர் சொல்லும் பெயர் அநேகமாக ஒன்றே: சுஜாதா. அவர் மறைந்தது 2008-இல். இன்றும் இந்த நிலை நீடிப்பது அவருக்குப் பெருமை. நமக்குப் பெருமையா என்பது வேறு கேள்வி.

எஸ். ரங்கராஜன் 1935-இல் சென்னையில் பிறந்து, ஸ்ரீரங்கத்தில் பாட்டியிடம் வளர்ந்தவர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியலும், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியலும் பயின்றார். விமானப் போக்குவரத்துத் துறையில் சில காலம் பணியாற்றிய பின் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளரானார். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. 'குமுதம்' இதழில் ரா.கி. ரங்கராஜன் ஏற்கெனவே எழுதிவந்ததால், பெயர்க் குழப்பம் நேராதிருக்க மனைவியின் பெயரைப் புனைபெயராகக் கொண்டார். பின்னாளில் அதே இதழின் ஆசிரியராகவும் சிறிது காலம் இருந்தார்.

அவருடைய கதைகளை இங்கு நாம் ஆராயப் போவதில்லை. 'ஏன் எதற்கு எப்படி', மூளையைப் பற்றிய 'தலைமைச் செயலகம்', 'சிலிக்கன் சில்லுப் புரட்சி', 'ஜீனோம்', 'கடவுள் இருக்கிறாரா' ஆகிய நூல்களே நம் கவனத்துக்குரியவை.

இவற்றின் முதற் சிறப்பு, அறிவியலைப் பிரசங்க மேடையிலிருந்து இறக்கியது. அவருக்கு முன்னும் தமிழில் நல்ல அறிவியல் எழுத்தாளர்கள் இருந்தனர். வழக்கறிஞரான பெ.நா. அப்புஸ்வாமி 1917-இலேயே எழுதத் தொடங்கி நெடுங்காலம் அரும்பணி ஆற்றினார். ஆனால் அந்தத் தலைமுறையின் நடையில் ஆசிரியர் மாணவனுக்குப் போதிக்கும் தொனி இருந்தது. சுஜாதாவோ தோளில் கை போட்டுப் பேசினார். சிறு வாக்கியங்கள், இடையே ஒரு கேலி, தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் நேர்மை ஆகியவை வாசகனை அச்சமின்றி உள்ளே அழைத்தன.

இரண்டாவது சிறப்பு, வாசகனின் கேள்வியிலிருந்து தொடங்கியது. 'ஜூனியர் விகடன்' வாரந்தோறும் சென்றடைந்த சிற்றூர்களிலிருந்தும் கேள்வி எழுப்பலாம் என்ற துணிவை 'ஏன் எதற்கு எப்படி' தந்தது. பாடநூல் கேள்வி கேட்கும், மாணவன் விடை எழுதுவான் என்பதே நம் வழக்கம். அதை அவர் தலைகீழாக்கினார். ஊடகங்களின் வழியே அறிவியலைப் பரப்பியதற்காக 1993-இல் அவருக்குத் தேசிய விருது கிடைத்தது பொருத்தமே.

குறைகளும் உண்டு. கேள்வி-பதில் என்ற வடிவம் முடிவைத் தருகிறது. அந்த முடிவுக்கு எப்படி வந்தார்கள் என்பதைச் சொல்ல அதில் இடமில்லை. ஓர் உதாரணம் பார்ப்போம். வானம் ஏன் நீலம் என்று கேட்டால், ராலே சிதறல் என்று என் மாணவர்கள் உடனே சொல்லிவிடுகிறார்கள். கன்னிவாடியிலிருந்து பார்த்தால் பழனி மலையும் நீலமாகத்தானே தெரிகிறது, அருகில் போனால் பச்சையாகிவிடுகிறதே என்றால் திகைக்கிறார்கள். நமக்கும் மலைக்கும் இடையே உள்ள காற்றே ஒளியைச் சிதறடிக்கிறது என்று சிறிது சிந்தித்தால் விளங்கும். அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் சிதறல் நிகழ்வதால், 400 நானோமீட்டர் ஊதா ஒளி 700 நானோமீட்டர் சிவப்பைவிட ஒன்பது மடங்குக்கு மேல் சிதறும். அப்படியானால் வானம் ஏன் ஊதா நிறமாக இல்லை? சூரிய ஒளியில் ஊதா குறைவு, நம் கண்ணும் அதை மங்கலாகவே உணர்கிறது. ஒரு விடையிலிருந்து அடுத்த கேள்வி பிறக்கும் இந்தச் சங்கிலியே அறிவியல். பத்து வரிப் பதிலில் முதல் கண்ணி மட்டுமே கிடைக்கும்.

இந்தக் குறை வாரப் பத்திரிகையின் இட நெருக்கடியாலும் வந்ததுதான். ஒரே பொருளை நிதானமாக விரித்த 'தலைமைச் செயலகம்' அதனாலேயே வினா-விடைத் தொகுப்புகளைவிட மேலான நூலாகிறது. எனினும் வியப்பிலிருந்து வியப்புக்குத் தாவும் வேகம் அவருடைய இயல்பிலும் இருந்தது. ஆங்கிலச் சொற்களை அவர் தாராளமாகக் கலந்ததைச் சிலர் பெருங்குறையாகக் கூறுவர். நான் அவ்வாறு கருதவில்லை. 'சில்லு' போன்ற எளிய சொற்களை மக்களிடம் கொண்டு சேர்த்தவரும் அவர்தாம்.

இதே பழனி மலைமீது, கோடைக்கானலில், 1899 முதல் சூரிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. சூரியப் புள்ளிகளின் ஓரப்பகுதியில் வாயுக்கள் மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டது அங்கேதான். மலையடிவாரத்தில் வளரும் மாணவருள் எத்தனை பேருக்கு இது தெரியும்? எவர்ஷெட் என்ன பார்த்தார், நிறமாலைக் கோடுகளின் இடப்பெயர்ச்சியிலிருந்து எப்படி ஊகித்தார் என்று படிப்படியாகச் சொல்லும் தமிழ் நூல் அவர்கள் கையில் இருக்க வேண்டும்.

சுஜாதா கதவைத் திறந்து வைத்தார். திறந்த கதவின் வாயிலிலேயே நின்று அவரைப் புகழ்ந்துகொண்டிருப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. உள்ளே போக வேண்டியது மாணவர் கடமை; உள்ளே விளக்கேற்ற வேண்டியது என்னைப் போன்ற ஆசிரியர்களின் கடமை.