முடிச்சு அவிழ்ந்த பின்னும்: ட்ராய் கென்னடி மார்ட்டினின் குற்றப் புனைவுகள்

குற்றப் புனைவை மதிப்பிடுவோர் பெரும்பாலும் முடிச்சு அவிழும் திறத்தையே அளவுகோலாகக் கொள்வர். பிரித்தானியத் திரைக்கதையாசிரியர் ட்ராய் கென்னடி மார்ட்டினின் (1932–2009) படைப்புகளுக்கு அவ்வளவுகோல் போதாது. முடிச்சு அவிழ்ந்த பின்னும் எஞ்சும் வினாவே அவருடைய எழுத்தின் உயிர்நாடி என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

1955இல் பிபிசி தொடங்கிய ‘டிக்சன் ஆஃப் டாக் கிரீன்’ தொடர், காவலரைக் கனிவுமிக்க பெரியவராகக் காட்டியது. 1962இல் மார்ட்டின் உருவாக்கிய ‘இசட் கார்ஸ்’ அப்படிமத்தைக் கலைத்தது. அதன் முதல் பகுதியில் ஒரு காவலரின் மனைவி, கணவனிடம் அடிபட்ட கண்ணோடு தோன்றுகிறாள். லங்காஷயர் காவல்துறைத் தலைமை இதனை எதிர்த்தது. சட்டத்தைக் காப்பவரின் வீட்டிலேயே வன்முறை குடியிருப்பதைக் காட்டியமையே எதிர்ப்பின் காரணம் எனலாம்.

1964இல் எழுதிய கட்டுரையொன்றில் அவர் தொலைக்காட்சி நாடகத்தின் இயற்பண்புவாதத்தைச் சாடினார். மேடையைப் பின்பற்றி உரையாடலாலேயே கதை நகர்த்துவதை விடுத்து, காட்சியாலும் கால ஒழுங்கைக் குலைத்தும் கதை சொல்ல வேண்டும் என்பது அவர் வாதம். 1969இல் வெளிவந்த ‘தி இத்தாலியன் ஜாப்’ திரைப்படத்தில், டூரின் நகரத் தெருக்களில் விரையும் கார்களே கதையை நடத்திச் செல்கின்றன. ஆயினும் அங்கே கொள்ளை ஒரு கொண்டாட்டமாகவே நின்றுவிடுகிறது.

வடிவமும் பொருளும் ஒன்றிணைந்தது 1985இல் பிபிசி ஒளிபரப்பிய ‘எட்ஜ் ஆஃப் டார்க்னஸ்’ என்னும் ஆறு பகுதித் தொடரில்தான். யார்க்ஷயர் துப்பறிவாளர் கிரேவனின் கண்முன்னே மகள் எம்மா சுட்டுக் கொல்லப்படுகிறாள். தம்மைக் குறிவைத்த குண்டு என்றே அவர் முதலில் எண்ணுகிறார். சுட்டவனைக் கண்டறிந்த பின்னும் வழக்கு முடிவதில்லை. அணுக்கழிவுக் கிடங்கு, அரசு, வணிகம் என அது விரிகிறது. இறந்த மகள் தந்தையோடு பேசுகிறாள். துயரத்தின் காலம் கடிகாரத்தின் காலமன்று என்பதை இவ்வுத்தி உணர்த்துகிறது. பிற்பகுதியில் தொன்மக் குறியீடுகள் மிகுவது குறையே. எனினும், மலைச்சரிவில் பூக்கும் கருநிறப் பூக்களோடு முடியும் இறுதிக் காட்சி எவருக்கும் தண்டனை வழங்கி நம்மை அமைதிப்படுத்துவதில்லை.

தொடரை இயக்கிய மார்ட்டின் கேம்ப்பெல்லே 2010இல் அதனைத் திரைப்படமாக்கினார். திரைக்கதையைப் பிறர் எழுதினர். படத்திலும் மகளின் உருவம் தோன்றுகிறது. ஆனால் நாயகன் தீயோரைச் சுட்டுக் கணக்குத் தீர்க்கிறான். பழி தீர்ந்ததும் வினாவும் தீர்ந்துவிடுகிறது. ஒரே கதை, ஒரே இயக்குநர், வேறுபட்டது எழுத்து. திரைக்கதையை இலக்கியமாகக் கருதிப் பயில வேண்டும் என்பதற்கு இவ்வொப்பீடே தக்க சான்றாகும்.