லயத்தில் ஒரு நூதனசாலை

தேயிலையின் வரலாற்றைக் காண விழைவோர் பெரும்பாலும் கண்டியை அடுத்த ஹந்தானைக்குச் செல்வர். 1925இல் எழுந்த தேயிலைத் தொழிற்சாலையொன்று அங்கே 2001 முதல் நூதனசாலையாக விளங்குகின்றது. 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலரின் நினைவும் பழைய இயந்திரங்களும் ஆங்குச் செவ்வனே பேணப்படுகின்றன. கொழுந்து கொய்த கைகளுக்கோ முதலிடம் இல்லை.

அக்குறையை நிரப்ப எழுந்தது, கம்பளையை அடுத்த பழைய பீகொக் தோட்டத்தில் சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் அமைத்த தொழிலாளர் நூதனசாலை. புதுமாளிகை எழுப்பாது பழைய லயத்தையே இடமாகக் கொண்டமை பாராட்டற்பாலது. சமையற்பாண்டமும் வேலைக் கருவியும் அத்தாழ்ந்த கூரையின்கீழ்த் தம் வீட்டில் இருப்பனபோலத் தோன்றும். ஆவணங்களோ இன்னும் கனமானவை. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராகிய மக்களின் கதியைக் கடதாசித் துண்டொன்றே நிர்ணயித்தது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென ஒதுக்கியது. குடும்பங்கள் பிரிந்தன, பாட்டறிந்தோரும் கூத்தறிந்தோரும் அவற்றோடு போயினர்.

ஆதலின் கலைப்பொருளைப் பேணும் முறை ஈண்டு ஆராயத்தக்கது. தப்பைச் சுவரில் மாட்டுவதால் அதன் அடிமுறை பிழைக்காது. மாசியில் தொடங்கும் காமன் கூத்தில், மன்மதனும் ரதியும் ஆடுங்கால் ஒலிக்கும் அடி முதியோர் கைகளிலேயே உள்ளது. அம்முதியோரை அழைத்து ஹட்டன், நுவரெலியாத் தோட்டப் பிள்ளைகளுக்குப் பயிற்றுவித்தலே இத்தகைய நூதனசாலைக்குரிய தலையாய தொண்டு. அதற்கு வேண்டுவன லயத்து முற்றமும், பிள்ளைகளை ஏற்றிவர ஒரு பஸ்வண்டியுமே.