குருதி தெரிந்தால் யதார்த்தமா?

யுத்தத் திரைப்படமொன்று வெளிவரும்போதெல்லாம் 'மிக யதார்த்தமாக எடுத்திருக்கிறார்கள்' என்ற பாராட்டு எழுகிறது. அந்தச் சொல் எதனை அளக்கிறது என்பதைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டியுள்ளது.

ஸ்டீவன் ஸ்பீல்பேர்க்கின் 'சேவிங் பிரைவேட் ரயன்' (1998) இவ்விடயத்தில் ஓர் அளவுகோலாகவே ஆகிவிட்டது. நோர்மண்டிக் கரையில் படையினர் இறங்கும் காட்சிக்காக ஒளிப்பதிவாளர் யானுஸ் கமின்ஸ்கி வில்லைகளின் பூச்சை அகற்றினார். கமராவைக் கையில் ஏந்தியே படம்பிடித்தனர். அங்கவீனமுற்றோரையே காயப்பட்டவர்களாக நடிக்க வைத்தனர். ஆயினும் அங்கு நாம் நிற்பது ஆயுதம் ஏந்தியவனின் அருகில். ஊரவர் நின்ற இடம் வேறு.

நான் கற்பிக்கும் வெருகல் பகுதியில் யுத்தம் முதலில் காதுக்கே எட்டியது. தூரத்தில் ஷெல் குத்தும் சத்தம். பின் அது எங்கு விழுமென்று தெரியாத சில விநாடிகள். பங்கருக்குள் இருந்தவர் அடித்தவனையும் காணவில்லை, அடிபட்டவனையும் காணவில்லை. மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) சிறந்த ஒலிப்பதிவுக்கான இந்திய தேசிய விருதையும் பெற்ற படம். அதன் வெடியொலிகள் துல்லியமானவை. ஆனால் கமரா ஒவ்வொரு வெடிப்புக்கும் முன்னதாகவே போய்க் காத்திருக்கிறது. யார் எந்தப் பக்கம் என்பதும் நமக்கு உடனே விளங்கிவிடுகிறது. எதுவும் தெரியாதிருத்தலின் அச்சம் அங்கு இல்லை.

இரு தரப்பையும் சீருடையால் பிரித்துக் காட்டும் இந்த இலக்கணத்துக்குள் எங்கள் ஆற்றங்கரை அடங்காது. 2004 ஏப்ரல் 9, பெரிய வெள்ளியன்று, வன்னித் தலைமையின் கீழிருந்த புலிகளின் அணிகள் வெருகலில் கருணா பிரிவினரைத் தாக்கின. அவ்வாண்டு மார்ச் வரை ஒரே இயக்கமாக இருந்தவர்கள். ஒரே சீருடை, ஒரே மொழி. கருணா பிரிவு கலைந்தபோது வீடு திரும்பியவர்களில் கணிசமானோர் பதினெட்டு வயதை எட்டாதவர்கள்.

இன்று என் வகுப்பில் இருப்பவர்கள் 2009க்குப் பின் பிறந்தவர்கள். யுத்தத்தை அவர்கள் கைத்தொலைபேசித் திரையிலேயே காண்கிறார்கள். "சேர், சண்டை இப்பிடித்தானா நடந்தது?" என்று கேட்ட மாணவனின் முகத்தில் ஆவலே இருந்தது. உடல் சிதறுவதை எவ்வளவு நுணுக்கமாகக் காட்டினாலும் அது தொழில்நுட்ப வியப்பாக மாறிவிடும் ஆபத்து உண்டு.

பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர' (1997) இதற்கு நேர்மாறான படைப்பு. முத்திரையிட்ட சவப்பெட்டியில் சிப்பாய் மகன் வந்திருப்பதாகச் சொல்கிறார்கள். பார்வையற்ற தந்தை வன்னிஹாமி (ஜோ அபேவிக்கிரம) நம்ப மறுக்கிறார். நட்டஈட்டுப் படிவத்தில் ஒப்பமிடவும் மறுக்கிறார். இறுதியில் பெட்டி திறக்கப்படுகிறது. உள்ளே உடல் இல்லை. படத்தில் போர்க்களக் காட்சியே கிடையாது. இருந்தும் 2000இல் அரசு அதன் திரையிடலைத் தடுத்தது. 2001இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பின் பின்னரே அது திரைக்கு வந்தது. குருதியைக் காட்டும் படத்தை விட, கணக்குக் கேட்கும் படமே அதிகாரத்தை அதிகம் உறுத்தியது என்று கருதுகிறேன்.

யுத்தப் படங்களை மாணவருடன் பேசும் ஆசிரியர்கள் கமரா யார் அருகில் நின்றது, விழுந்தவனின் செய்தி அவன் வீட்டை அடைந்ததா என்று கேட்கட்டும். காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் இன்றும் புகைப்படங்களுடன் நிற்கும் இம்மாவட்டத்தில் அக்கேள்வி கலையைப் பற்றியது மட்டுமன்று.