குற்றவியலில் மார்க்சிய நோக்கு: இலங்கை அனுபவத்தினூடாக ஒரு மதிப்பீடு

குற்றத்தைத் தனிமனிதரின் ஒழுக்கக் கேடாகவே கருதிய மரபுவழிக் குற்றவியலை மறுத்து எழுந்ததே மார்க்சிய நோக்கு. 1842இல் றைன் மாகாணத்து விறகுத் திருட்டுச் சட்டம் பற்றி இளம் மார்க்ஸ் எழுதிய கட்டுரைகள் இதற்குத் தொடக்கமாயின. காட்டில் உதிர்ந்த சுள்ளிகளைப் பொறுக்குவது ஏழைகளின் வழமை. உடைமையாளரின் உரிமை முழுமை பெற்றதும் அவ்வழமையே திருட்டாயிற்று. சட்டம் குற்றத்தைத் தண்டிப்பதோடு அமையாது, அதனை ஆக்கவுஞ் செய்கிறது என்பதே இதன் சாரம். அமெரிக்கரான வில்லியம் சாம்பிளிஸ் 1964இல் இங்கிலாந்தின் அலைந்து திரிவோர் சட்டங்களை ஆராய்ந்து, கொள்ளைநோயின் பின் உழைப்பாளரைக் குறைந்த கூலிக்குக் கட்டிவைக்கவே அவை தோன்றின என நிறுவ முயன்றார்.

இலங்கைத் தோட்டத்துறையை நோக்குமிடத்து இவ்விளக்கம் பெரிதும் பொருந்துவதைக் காணலாம். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, தகுந்த காரணமும் முன்னறிவித்தலுமின்றி வேலையை விட்டு நீங்குவது சிறைத் தண்டனைக்குரிய குற்றமாயிற்று. கடன் விபரம் குறித்த ‘துண்டு’ இன்றி வேறு தோட்டத்திற் சேர இயலாத நிலையும் நிலவிற்று. 1921இலேயே அம்முறை ஒழிக்கப்பட்டது. ஒப்பந்த மீறலொன்று இங்கு குற்றச்செயலாக மாறியமைக்குத் தோட்டத்தின் உழைப்புத் தேவையன்றி வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

ஆயின், சட்டம் ஆளும் வர்க்கத்தின் கருவி மட்டுமே எனக் கொள்வது தகுமா? இங்கிலாந்தின் 1723ஆம் ஆண்டுக் கறுப்புச் சட்டத்தை ஆராய்ந்த ஈ. பி. தொம்சன், அதன் வர்க்கக் கொடுமையை விரித்துரைத்த பின்னரும், சட்டத்தின் ஆட்சி ஆள்வோரையும் கட்டுப்படுத்தும் எனவும் அது பேணத்தக்க நன்மை எனவும் 1975இல் எழுதினார். மார்க்சியர் சிலர் அதனைச் சாடினர். எனினும் நமது வரலாறு தொம்சன் பக்கமே சாய்கிறது. 1937இல் ஆளுநர் பிறப்பித்த நாடுகடத்தற் கட்டளையிலிருந்து இடதுசாரியான பிரேஸ்கேர்டிலை விடுவித்தது குடியேற்ற ஆட்சியின் நீதிமன்றமே. மாறாக, 1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சியாளரை விசாரிக்க 1972இல் நிறைவேறிய குற்றவியல் நீதி ஆணைக்குழுக்கள் சட்டம், சாதாரண சான்றுச் சட்டம் விலக்கிய பொலிஸ் வாக்குமூலங்களைச் சான்றாக ஏற்றது, மேன்முறையீட்டையும் மறுத்தது. அதனை இயற்றிய ஐக்கிய முன்னணி அரசில் லங்கா சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் பங்காளிகளாயிருந்தன. 1979இல் வேறோர் அரசு பயங்கரவாதத் தடைச் சட்டத்தை இயற்றி, உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்தினரும் அவருக்கு மேற்பட்டோரும் பெறும் வாக்குமூலத்தை அவ்வாறே ஏற்றபோது, வழி முன்னரே திறக்கப்பட்டிருந்தது. சட்டப் பாதுகாப்புகளை வெறும் முதலாளித்துவ முகமூடி என இகழ்வதன் விலையை இதனால் உணரலாம்.

இனவொடுக்குமுறை மற்றொரு சிக்கலாகும். 2007 ஜூன் 7ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய பகுதி விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 370க்கு மேற்பட்டோர், தகுந்த காரணமின்றித் தங்கியிருப்போர் எனப்பட்டு, பேருந்துகளில் ஏற்றி அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ‘தகுந்த காரணமின்றி’ என்னும் தொடர் 1865ஐ நினைவூட்டுகிறது. ஆயினும் அன்று உழைப்பாளரைக் கட்டிவைக்கப் பயன்பட்டது, இன்று வேண்டாதவராகக் கருதப்பட்டோரை வெளியேற்றப் பயன்பட்டது. உழைப்புத் தேவை இதனை விளக்காது. அதேவேளை வெள்ளவத்தையிலும் பாமன்கடையிலும் சொந்த வீடுடைய தமிழர் பேருந்தில் ஏற்றப்படவில்லை; விடுதி அறையில் நாட்கூலி வாடகை போலச் செலுத்தித் தங்கியோரே ஏற்றப்பட்டனர் என்பதால், இனம் மட்டும் என்ற விளக்கமும் நிறைவு பெறாது. பிரித்தானியாவில் கறுப்பின இளைஞர் வழிப்பறிக்காரராகச் சித்திரிக்கப்பட்டமையை 1978இல் ஆராய்ந்த ஸ்ருவட் ஹோல் குழுவினர், ஆளும் வர்க்க மேலாண்மையின் நெருக்கடி இனத்தினூடாக வெளிப்படுவதைக் காட்டினர். நவமார்க்சியத்தின் இப்பங்களிப்பே நமக்கு அதிகம் பயன்தரத்தக்கது.

எனவே, மார்க்சியக் குற்றவியலைக் கைவிட வேண்டியதில்லை. அதனை முழுமைப்படுத்த வேண்டும். சட்டம் யாருக்காக ஆக்கப்பட்டது என்ற வினாவோடு, யார்மீது, எந்த அடையாளத்தின் பேரில் அது நடைமுறைப்படுத்தப்படுகிறது என்ற வினாவும் எழுப்பப்படல் வேண்டும். முற்போக்காளர் ஆட்சியில் பங்குகொள்ளும் வேளையிலும் இவ்வினாக்கள் ஓயலாகாது.