நூற்காத பூவும் ஆரணித் தறியும்

கவலைப்படாதே என்று சொல்லும் பிரதிகளில் தமிழ்க் கிறிஸ்தவர்களிடையே அதிகம் புழங்குவது மத்தேயு ஆறாம் அதிகாரத்தின் பிற்பகுதி. வருடப் பிறப்பு ஆராதனையில் தரும் வாக்குத்தத்த அட்டையில், நாட்காட்டியில், வீட்டுச் சுவரில், ஆட்டோவின் முதுகில் என்று எங்கும் அதன் துண்டுகளைப் பார்க்கலாம். காட்டுப்பூ உழைப்பதில்லை, நூல் நூற்பதில்லை, அதற்கே உடுத்துகிறவர் உனக்கு உடுத்த மாட்டாரா என்பது சாரம். பட்டு நெய்து பிழைக்கிற ஊரில் இருந்துகொண்டு இதை வாசிக்கும்போது எனக்கு முதலில் இடறுவது அந்த நூல்தான். துணி செய்யும் உழைப்பு இந்தப் பிரதிக்குள் எதிர்மறையாகவே நுழைகிறது. பூவின் பெருமை நூற்காமல் இருப்பது. சாலொமோனின் உடையோ பூவுக்கு முன் தோற்றுப் போவதற்காக வருகிறது. அந்த உடையை நெய்தவன் பிரதியில் இல்லை.

ஆரணிக்கு வெளியே ஒரு கிராமத்தில் தறி போடும் அம்மா ஒருவரிடம் இதைச் சொன்னபோது, 'இன்னா தம்பி, நாங்க நெய்யலன்னா சாலமோன் ராஜா இன்னாத்த கட்டிப்பாரு?' என்றார். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர் அவர். அவநம்பிக்கையில் வந்த கேள்வியாக அது எனக்குப் படவில்லை. இறையியல் வகுப்பறைகள் தவற விடுகிற வாசிப்பு அது. ஆனால் அதே அம்மா விடியற்காலையில் முழங்கால் போட்டு ஜெபித்துவிட்டு எழும்போது தனக்குள் ஒரு அமைதி இருப்பதாகவும் சொல்கிறார். இந்த இரண்டையும் ஒரே ஆள் சொல்கிறார் என்பதைக் கணக்கில் எடுக்காத விமர்சனம் எனக்கு வேண்டியதில்லை.

நம் தோழர்களிடம் இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது: அபின். 1844ல் வெளியான அந்தக் கட்டுரையில் மார்க்ஸ் அபினுக்கு முந்தைய வாக்கியங்களில் மதத்தை ஒடுக்கப்பட்ட உயிரின் பெருமூச்சாகவும், நிஜமான துயரத்துக்கு எதிரான கண்டனமாகவும் பார்த்ததைப் பலர் வசதியாக விட்டுவிடுகிறார்கள். பாதிரியார் வசனத்தை அறுத்து எடுப்பது போலத்தான் இதுவும்.

ஆரணியில் கிறிஸ்தவம் யாருடையது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஸ்கடர் சகோதரர்கள் 1853ல் தொடங்கிய அமெரிக்கன் ஆற்காடு மிஷனின் நிலையங்களில் ஆரணியும் ஒன்று. அந்த மிஷனுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் சேரிகளிலிருந்து வந்த பறையர்கள். 1947ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது இந்தச் சபைகளும் அதற்குள் வந்தன. பரம்பரை நெசவுச் சாதியினரின் தெருக்கள் சைவத்தோடோ வைணவத்தோடோ நின்றுவிட்டன. ஆனால் தறி அந்தத் தெருக்களோடு நிற்கவில்லை. சுற்றுக் கிராமங்களில் வேறு சாதியாரும் கூலிக்கு நெய்கிறார்கள். 1973 முதல் ஆரணியை ஆராய்ந்துவரும் பார்பரா ஹாரிஸ்-ஒயிட்டும் அவரோடு சேர்ந்தவர்களும் (அவர்களது தொகுப்பு 2016ல் வந்தது) திரும்பத் திரும்பச் சொல்வது, இந்த ஊரின் சந்தையைச் சட்டம் ஒழுங்குபடுத்துவதைவிடச் சாதியும் பாலினமும் வியாபாரச் சங்கங்களும் அதிகம் ஒழுங்குபடுத்துகின்றன என்பதை. நம் ஊரைப் பற்றி இவ்வளவு உழைப்போடு எழுதியவர் வெளிநாட்டுக்காரர் என்பது தமிழ்த் துறைகள் யோசிக்க வேண்டிய விஷயம். அது போகட்டும்.

கவலை என்ற சொல்லைப் பார்ப்போம். சங்கப் பாடல்களில் கவலை என்பது கவர்த்த வழி, பாதை இரண்டாகப் பிரியும் இடம். மத்தேயுவின் கிரேக்கச் சொல்லுக்கும் 'பிளவுபடுதல்' என்ற வேரைச் சொல்வோர் உண்டு. தறிக்குழியில் உட்கார்ந்திருப்பவரின் கவலை இந்தப் பழைய பொருளில்தான் சரியாகப் புரிகிறது. பட்டும் ஜரிகையும் முதலாளியுடையவை. முன்பணம் வாங்கியாயிற்று. அதைக் கழிக்காமல் வேறு முதலாளியிடம் போக முடியாது. மழை வந்தால் குழியில் ஈரம் ஏறும், பாவைத் தெருவில் நீட்ட முடியாது, வேலை நிற்கும், கூலியும் நிற்கும். சேலையில் கறை பட்டால் கூலியில் பிடித்தம். பட்டு விலை ஏறினாலும் இறங்கினாலும் அடி எங்கோ மேலிருந்து உருண்டு வந்து கடைசியில் குழியில்தான் விழுகிறது. 2020 ஊரடங்கில் கல்யாணங்கள் நின்றபோது தறிகளும் நின்றன. போகவும் முடியாது, இருக்கவும் முடியாது என்று இரண்டு வழிகளுக்கு நடுவில் நிறுத்தப்படுவதற்குப் பெயர்தான் கவலை. இதை 'மன அழுத்தம்' என்று பெயர் மாற்றி ஆளுக்கு ஆள் மருந்து எழுதும் இன்றைய போக்கு, கடனைக் காணாமல் அடிக்கும் வேலை.

சுவிசேஷம் அப்படிக் காணாமல் அடிக்கவில்லை என்பதுதான் என் வாசிப்பு. கவலைப்படாதீர்கள் என்ற பேச்சு இருபத்தைந்தாம் வசனத்தில் 'ஆகையால்' என்று தொடங்குகிறது. எதனால்? அதற்கு முந்தைய வசனம் கடவுளுக்கும் செல்வத்துக்கும் ஒரே நேரத்தில் ஊழியம் செய்ய முடியாது என்கிறது. அதற்கும் முன்னால் பூச்சி அரிக்கும் பொக்கிஷங்கள். அதற்கும் முன்னால், அதே அதிகாரத்தில், இயேசு கற்றுக்கொடுத்த ஜெபம். அதில் அன்றாட அப்பத்துக்குப் பக்கத்திலேயே கடன் மன்னிப்பு. கடன், பொக்கிஷம், செல்வத்துக்கு ஊழியம், ஆகையால் கவலை வேண்டாம் என்று இது ஒரு சங்கிலி. வாக்குத்தத்த அட்டை இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியை மட்டும் வெட்டி எடுக்கிறது. 'ஆகையால்' உதிர்ந்ததும் கட்டளை ஆறுதலாகிவிடுகிறது. ஆறுதல் சீக்கிரமே அடக்கமாகிவிடுகிறது.

மொழிபெயர்ப்புகளும் இந்த வெட்டுக்கு உதவியிருக்கின்றன. பவர் குழுவினர் 1871ல் முடித்த திருப்புதல், சமஸ்கிருதம் மண்டிய நடைக்காகத் தமிழ்ப் பற்றாளர்களிடம் நிறையத் திட்டு வாங்கியது. ஆனால் ஜெபத்தில் அது துணிந்து 'கடன்' என்றும் 'கடனாளி' என்றும் போடுகிறது. கிரேக்கத்தில் இருப்பதும் கடன்தான். கத்தோலிக்கர் சொல்லிவந்த ஜெபத்தில் அது பாவமாயிற்று. 1995ல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பில் 'குற்றம்' ஆயிற்று. முன்பணத்தில் கட்டுண்டவர் 'கடன்' என்று சொல்லி ஜெபிக்கும்போது அவர் கண்முன் முதலாளியின் நோட்டு வரலாம். 'குற்றம்' என்று சொல்லும்போது தான்தான் வருவார். முப்பத்து மூன்றாம் வசனத்திலும் இதே கதை: முதலில் தேடச் சொன்ன 'நீதி' புதிய பெயர்ப்பில் கடவுளுக்கு 'ஏற்புடையவை' என்று நீர்த்துவிட்டது. இராஜ்யம் 'ஆட்சி' ஆனதை நான் வரவேற்கிறேன். ஆனால் நீதி போன ஆட்சியை வைத்து என்ன செய்ய?

கீர்க்கேகார்ட் இந்தப் பூவையும் பறவையையும் பற்றி 1847லும் 1849லும் பிரசங்கங்கள் எழுதினார். பூவிடம் மௌனத்தைக் கற்கலாம் என்பது அவர் கண்டது. நம் எழுத்தாளர்கள் இருத்தலியத்தைத் தூக்கிப் பிடித்த காலத்தில் அவர் பெயர் இங்கே நிறையவே அடிபட்டது. அவர் எழுதிப் பிழைக்கவில்லை, அப்பா விட்டுப்போன பணத்தில் வாழ்ந்தார். அப்பா கோபன்ஹேகனில் கம்பளித் துணி, காலுறை வியாபாரம் செய்து பணக்காரரானவர். பூவின் மௌனத்தைக் கேட்பதற்கான ஓய்வு துணி விற்ற காசில் வந்தது. இதைச் சொல்வதால் அவருடைய ஆழம் குறைந்துவிடாது. ஆனால் அந்த மௌனத்தை அப்படியே ஆரணிக்கு இறக்குமதி செய்ய முடியாது.

வேறு வழியில் போனவர் ஒருவர் நம்மிடையே இருந்தார். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஜே. தியோபிலஸ் அப்பாவு, பரட்டை அண்ணன். 2005ல் மறைந்தார். கர்நாடக ராகங்களையும் ஐரோப்பிய மெட்டுகளையும் விட்டு, சேரியின் பறைக்கும் கிராமத்து மெட்டுக்கும் வழிபாட்டைக் கொண்டுவந்தார். நற்கருணையை ஒரே உலையில் பொங்கி ஒன்றாகத் தின்பதாக வாசித்தார். அமைதி என்பது தனி மனத்தின் உள்ளறைச் சரக்காக இல்லாமல், உலை பொதுவாகும்போது ஒரு வீட்டுக்குக் கிடைப்பதாக இருந்தது. அவரது குறை என்று எனக்குப் படுவது, அந்த உலை எரியும் வீட்டுக்குள் பெண் செய்யும் வேலை போதிய அளவு பேசப்படாதது. பாவு பிணைப்பதும் இழை சுற்றுவதும் பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும் செய்துவந்த, கூலிக் கணக்கில் தனியாக ஏறாத வேலைகள். உலை வைப்பதும் அவர்களே.

அந்த அம்மாவிடம் அமைதி எங்கிருந்து வருகிறது என்று துருவிக் கேட்டேன். பிரசங்கத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் யார் யாருக்கு எவ்வளவு கடன் என்பதை வாய்விட்டுச் சொல்லி ஜெபிக்கிறார்களாம். வீட்டில் ஆண்களிடம் சொல்லாத தொகை அங்கே சத்தமாகச் சொல்லப்படுகிறது. இதைச் சங்கம் கட்டுவதாக எந்தத் தொழிற்சங்கத் தோழரும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் கடன் ரகசியமாக இருக்கும்வரைதான் முன்பணத்தின் பிடி முழுசாக இருக்கும்.

கடைசி வசனம் அந்தந்த நாளுக்கு அதனதன் சுமையே போதும் என்கிறது. பழைய திருப்புதல் அங்கே 'பாடு' என்ற சொல்லை வைத்தது. பாடு என்றால் துன்பம், உழைப்பு இரண்டும். சிலுவையில் பட்டதும் பாடுதான், தறியில் படுவதும் பாடுதான். பூ நூற்கவில்லை என்று தொடங்கிய பேச்சு, தமிழில், உழைப்பின் பெயரோடு முடிந்தது. 1995ல் அது 'தொல்லை' ஆகிவிட்டது. ஆரணிப் பக்கத்துத் தென்னிந்தியத் திருச்சபைக் கோயில்களில் இன்னும் பழையதைத்தான் வாசிக்கிறார்கள்.